நெகட்டிவ் யார் கையில் இருந்தது?

கொஞ்ச நாளைக்கு முன்னால் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒளிப்பதிவு பற்றிய கருத்தரங்கு. பிலிமா டிஜிட்டலா என்று பேச்சு. மேடையில் அய்ந்து பேர். அய்ந்து பேரும் படித்தவர்கள், படம் எடுத்தவர்கள், கண்காட்சி வைத்தவர்கள். மூன்று மணி நேரம் பேசினார்கள். சாரத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பிலிமுக்கு உயிர் இருக்கிறது, டிஜிட்டலுக்கு இல்லை. பிலிமில் எடுத்தவன் கலைஞன், டிஜிட்டலில் எடுக்கிறவன் பட்டன் அமுக்குகிறவன். ஒருத்தர் இன்னும் கொஞ்சம் மேலே போய் பிலிமுக்கு ஆத்மா உண்டு என்றார். கைதட்டினார்கள்.

ஆத்மா என்கிற சொல்லைக் கேட்டாலே நம்மாட்களுக்கு வயித்தைக் கலக்கும். யாருடைய ஆத்மா சுத்தமானது, யாரைத் தொட்டால் அது கெட்டுப்போகும் என்று இந்த நாட்டில் கணக்கெழுதி வைத்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். சேரி மனுசனுக்குக் கொடுக்காத ஆத்மாவை ஒரு பிலிம் சுருளுக்குக் கொடுக்கிறார்களே என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அஞ்சு வருசம் டார்க்ரூமில் கைவிட்டுக் கழுவினவன் நான். ஹைப்போ நாத்தம் விரலை விட்டுப் போக ரெண்டு நாளாகும். பிலிமைப் பற்றி என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கம்மாபுரம் பக்கம் ஒரு காலனி எனக்கு. ராத்திரியில் எங்க தெருவிலிருந்து பார்த்தால் நெய்வேலி வெளிச்சம் வானத்தில் செவசெவன்னு தெரியும். நாட்டுக்கே கரண்டு கொடுக்கிற ஊர் அது. எங்க தெருவில் சிம்னி விளக்கு எரிகிற வீடுகள் அப்போதும் இருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பத்தாவது முடித்துவிட்டு ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலில் கூட்டுவது, டீ வாங்கி வருவது. அப்புறம் டிரே கழுவுவது. அப்புறம் பிரிண்ட் போடுவது. கடைசியாகத்தான் நெகட்டிவைத் தொட விட்டார் முதலாளி.

தொட விட்டதும் சொல்லிக்கொடுத்த முதல் வேலை ரீடச். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் முகம் விழுந்திருக்கிற இடத்தில் கூரான பென்சிலால் மெல்ல மெல்லத் தீற்ற வேண்டும். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் முகம் வெளுக்கும். "கல்யாணத்துக்குப் பாக்குற பொண்ணுடா, கொஞ்சம் கலர் ஏத்து" என்பார். கலர் ஏத்து என்றால் நிறத்தை எடு என்று அர்த்தம். அஞ்சு வருசத்தில் எத்தனை பெண்களின் முகத்திலிருந்து அவர்களுடைய நிறத்தை எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. பிலிம் பொய் சொல்லாது என்று மேடையில் ஒருத்தர் சொன்னபோது எனக்கு அந்தப் பென்சில்தான் ஞாபகம் வந்தது.

எங்க அக்கா கல்யாணத்துக்கு ஒரு ரோல்தான் வாங்க முடிந்தது. முதலாளி கேமரா தர மாட்டேன் என்றார். "ஒங்க தெருவுல எடுத்தா ரோலு வீணாப்போவும்டா" என்றார். காலில் விழாத குறையாக வாங்கிக்கொண்டு போனேன். ஒரு ரோலுக்கு 36 படம். சாமர்த்தியமா மாட்டினா முப்பத்தேழு வரும். தாலி கட்டுறதுக்கு நாலு, மாலை மாத்துறதுக்கு ரெண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பத்து, வந்திருந்த தலைவருக்கு மூணு என்று மனசுக்குள்ளேயே பங்கு போட்டுக்கொண்டு எடுத்தேன். ஆயா அடுப்பு கிட்ட சோறு வடிச்சிக்கிட்டு இருந்துச்சி. "ஆயா, வா, ஒரு படம் புடிக்கிறன்"னேன். "எனக்கு எதுக்குடா, அத மாப்ள ஊட்டாருக்குப் புடி, கொற சொல்லுவாங்க"ன்னிடுச்சி. நானும் சரின்னு விட்டுட்டேன். ஆயா செத்தப்போ வீட்டில் இருந்த அதன் ஒரே படம், சேஷன் காலத்தில் வந்த வாக்காளர் அட்டையில் இருந்தது. கட்டைவிரல் அகலம். அதைப் பெரிசு பண்ணினேன். கண்ணும் மூக்கும் கரைந்து புகைமாதிரி ஒரு முகம் வந்தது. அதுக்குத்தான் மாலை போட்டோம்.

மேடையில் சொன்னார்கள்: பிலிம் காலத்தில் ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்துச் செலவழித்தோம், அதுதான் ஒழுங்கு, அதுதான் தவம். உண்மைதான் அய்யா. 35 எம்.எம். சினிமா பிலிம் ஒரு நிமிசத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிசத்தில் தீர்ந்துவிடும். யோசித்துத்தான் எடுத்தாக வேண்டும். யோசித்து யோசித்து யாரை விட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி. நானே ஆயாவை விட்டவன். சொந்த ஆயாவையே விட வைத்த பொருள் அது. அப்படியிருக்க, லட்சக்கணக்கில் பணம் போட்டவன் அந்தத் தொண்ணூறு அடியில் எங்க தெருவுக்கு எத்தனை அடி ஒதுக்கியிருப்பான்?

அந்த பிலிமைப் பார்க்கிற இடத்திலும் வரிசை இருந்தது. புதுப் பிரிண்ட் சென்னைக்கும் மதுரைக்கும் போகும். அங்கே ஓடித் தேய்ந்து, விழுப்புரம் கடலூர் பார்த்து, ஒட்டுப்போட்டு, கடைசியில் எங்க பக்கத்துக் கீற்றுக் கொட்டகைக்குப் படப்பெட்டி வரும்போது திரை முழுக்க மழை பெய்யும். வெயில் காட்சியிலும் மழைதான். இன்றைக்கு 'கிரெயின்' அழகு, கீறல் அழகு என்று உருகுகிறவர்கள் முதல் நாள் முதல் பிரிண்டைப் பார்த்தவர்கள். நாங்கள் பார்த்தது ஊரார் தின்று மீந்தது.

சரி, இந்தப் புனிதமான பிலிம் எதனால் ஆனது? வெள்ளி உப்பு என்பார்கள். அந்த வெள்ளி உப்பு சும்மா நிற்காது. அதைப் பிடித்துவைக்க ஒரு பசை வேண்டும். அந்தப் பசைதான் ஜெலட்டின். ஜெலட்டின் மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுப்பது. கலைஞர்கள் கும்பிடுகிற ஒவ்வொரு பிரேமும் மாட்டு எலும்புக் கஞ்சியில் மிதக்கிற வெள்ளித்தூள். 1920களில் கோடாக் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர் ஷெப்பர்ட் ஒன்றைக் கண்டுபிடித்தார். மாடு தின்ற கடுகுச் செடியின் கந்தகம் எலும்பிலும் தோலிலும் தங்கி ஜெலட்டினுக்குள் வந்து பிலிமுக்குக் கூர்மையைக் கொடுக்கிறது என்று. அதாவது மாடு என்ன தின்றது என்பது வரைக்கும் பிலிமில் இருக்கிறது.

செத்த மாட்டை யார் தூக்கினார்கள்? எலும்பை யார் பொறுக்கினார்கள்? இந்தியாவிலிருந்து நொறுக்கின எலும்பு ஜெலட்டினுக்காகக் கப்பலேறியது. எங்க கடலூர் சிப்காட்டிலேயே எலும்பிலிருந்து ஆசீன் எடுக்கிற ஆலை வந்தது. ஆசீனைக் காய்ச்சினால் ஜெலட்டின். எலும்பு பொறுக்கினவன் தீட்டு. அந்த எலும்பில் செய்த பிலிமில் எடுத்த சாமி படம் புனிதம். 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்தார். நந்தனை உள்ளே விடாத தில்லை எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். நந்தன் தீயில் இறங்கினால்தான் உள்ளே போக முடியும் என்று கதை. மாட்டு எலும்பு தீக்குளிக்காமலேயே கேமராவுக்குள் உட்கார்ந்து எல்லாக் கோயிலுக்குள்ளும் போய்வந்துவிட்டது. இதைச் சொன்னால் நான் கலையைக் கேவலப்படுத்துகிறேனாம்!

அடுத்து நிறம். பிலிம் எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்கும் என்பது பெரிய பொய். கலர் பிலிம் செய்த கோடாக், லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்தப் பெண்ணின் பெயரால் 'ஷெர்லி அட்டை' என்று லேப்காரர்கள் சொன்னார்கள். ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் மிசின் சரி. மற்றவன் தோல் எப்படி வந்தால் என்ன! ஒரே படத்தில் வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் இருந்தால் கறுப்புப் பிள்ளைக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். கறுப்புத் தாய்மார்கள் சொன்னதைக் காதில் வாங்காத கம்பெனி, மரச்சாமான் செய்கிறவர்களும் சாக்லேட் செய்கிறவர்களும் எங்க பொருளின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தும் வேலையில் இறங்கியது. கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பிறகு சொன்ன சேதி இது. மனுசத் தோலுக்காகச் செய்யாததை மேசை நாற்காலிக்காகச் செய்தார்கள்.

டார்க்ரூமில் எனக்கு இது வேறு விதத்தில் தெரியும். கேமராவின் வெளிச்சமானி எதிரில் இருப்பது பதினெட்டு சதவீதம் வெளிச்சத்தைத் திருப்புகிற நடுச்சாம்பல் என்று நினைத்துக்கொண்டு அளக்கும். வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை போட்ட எங்க மாமனை நிறுத்தினால் வேட்டிக்கு அளவு வைத்துவிடும். மாமன் முகம் இருட்டுக்குள் போய்விடும். எங்க கல்யாண ஆல்பம் பூராவும் வேட்டி சட்டைதான் சிரித்துக்கொண்டு நிற்கும். முகத்துக்கு அளவு வைத்து எடுக்க வேண்டும் என்று எவனும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. இந்தப் பக்கம் சினிமாவில் சேரிப் பெண்ணாக நடிக்க வெளுத்த நடிகையைக் கூட்டிவந்து கறுப்பு பூசுகிறார்கள். கறுத்தவளை வெளுக்கப் பென்சில், வெளுத்தவளைக் கறுக்க மேக்கப். எதற்கும் நாம் நேரில் தேவையில்லை.

பிலிம் போனதற்கு அழுகிறவர்கள் எல்லாரையும் நான் திட்டவில்லை. 1960-ல் தொடங்கி ஊட்டியில் நடந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிலாளி அழுதால் அது வயித்து அழுகை. இருட்டில் நின்று 'இந்து' பிலிமுக்கும் எக்ஸ்ரே பிலிமுக்கும் பூச்சுப் பூசினவர்கள். 1996-ல் நலிந்த ஆலை என்று பேர் வைத்து, வருசக்கணக்கில் இழுத்தடித்து மூடினார்கள். அவர்களுக்காக எந்தக் கலைஞர் மேடை போட்டார்? 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு கொடுத்தபோது ஊரெல்லாம் இரங்கல். ஊட்டிக்கு ஒரு வரி கிடையாது. பொருளுக்கு அழுகிறார்கள், அதைச் செய்த கைக்கு அழவில்லை.

இனி எங்க ஊர் சேதிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1993 மார்ச். கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷன். முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, குறவர் சாதி, திருட்டுக் குற்றம் சொல்லிக் கொண்டுபோகப்பட்டார். அடித்தார்கள். தேடிப்போன மனைவி பார்வதியையும் விரட்டினார்கள். பிறகு "தப்பி ஓடிட்டான்" என்றார்கள். அவர் ஓடவில்லை. அடையாளம் தெரியாத பிணமாக மாவட்டம் தாண்டி மீன்சுருட்டிப் பக்கம் ரோட்டோரம் கிடந்தார். அனாதைப் பிணத்துக்குச் செய்கிற முறைப்படி அங்கே படம் எடுத்தார்கள். வழக்குரைஞர் சந்துரு உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகு அந்தப் போட்டோவைக் காட்டித்தான் பார்வதி அது தன் புருசன் என்று அடையாளம் சொன்னார். போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைக்க 2006 ஆனது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் சொன்ன ஆத்மா, தவம், கிரெயின் எதுவும் இல்லாத ஒரு படம். அதை எடுத்தவன் கலைஞன் இல்லை. இவன் யாருமில்லை என்று கோப்பை மூடுவதற்காக எடுத்த படம். அதே படம் இவன் ராஜாக்கண்ணு என்று சொல்லிவிட்டது. அந்த நெகட்டிவ் எந்த மேசை டிராயரில் இருந்தது, அதை யார் கழுவினார்கள், கழுவின பையனுக்கு அதில் இருக்கிற முகம் யாருடையது என்று தெரிந்திருக்குமா என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். அந்த வருசம்தான் நானும் டார்க்ரூமில் நெகட்டிவ் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பிரேம் அழிந்திருந்தால் பார்வதிக்குத் தன் புருசன் ஓடிப்போனவன் என்கிற போலீஸ் கதைதான் மிச்சம். ஆக, பிலிம் நமக்குச் சாட்சி சொன்னதுண்டு. ஆனால் சாட்சி எப்போதும் எதிரியின் டிராயரில் இருந்தது.

பத்து வருசம் கழித்து 2003 ஜூலை 8. அதே விருத்தாசலம் வட்டாரம், குப்பநத்தம் புதுக்கூரைப்பேட்டை. என்ஜினியரிங் படித்த நம்ம பையன் முருகேசன், அவனைக் கல்யாணம் செய்துகொண்ட கண்ணகி, இரண்டு பேரையும் விசம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே பிலிமும் இல்லை, டிஜிட்டலும் இல்லை. 2021-ல்தான் கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2025-ல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு படம் இருந்திருந்தால் பதினெட்டு வருசம் ஆகியிருக்குமா?

படம் இருந்த இடத்தையும் பார்ப்போம். 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் தாமிரபரணிக்குள் அடித்துத் தள்ளியது. பதினேழு பேர் செத்தார்கள், ஒன்றரை வயசுக் குழந்தை உட்பட. தண்ணீரில் நின்றவர்களை அடித்தது வீடியோவில் பதிவானது. ஆர்.ஆர். சீனிவாசன் அதை ஆவணப்படமாக்கினார். அது பிலிம் இல்லை, வீடியோ டேப். சினிமாக்காரர்கள் கல்யாண கேசட் என்று கேலி செய்த சாமான். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி நாற்பத்து நாலு பேர் எரிந்தபோது நம் பக்கம் ஒரு கேமரா இல்லை. தாமிரபரணியில் கேமரா இருந்தது. முப்பத்தொரு வருச இடைவெளியில் மாறினது ஆளும் சாதியின் மனசு இல்லை, கேமராவின் விலை.

அப்புறம் விலை இன்னும் இறங்கியது. 2003-ல் ஆர்.பி. அமுதன் மதுரையில் மலம் அள்ளுகிற ஒரு பெண்ணோடு நடந்து 'பீ' எடுத்தார். 2017-ல் திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுத்தார். திரையிட விடாமல் தடுத்தார்கள், யூடியூபில் போட்டார். இந்த இரண்டையும் பிலிமில் எடுக்க எந்த முதலாளி பணம் போட்டிருப்பான்? 2015-ல் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராவில் கோகுல்ராஜை அழைத்துப்போனது பதிவானது. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் அந்தப் பதிவு பிறழவில்லை. யுவராஜுக்கு 2022-ல் ஆயுள் தண்டனை, 2023-ல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. மனுசச் சாட்சியை மிரட்டலாம். கேமராவை மிரட்ட முடியாது.

இந்த இடத்தில் நிறுத்தினால் டிஜிட்டலுக்கு ஜே போட்டு வீட்டுக்குப் போகலாம். போக முடியாது தோழர்களே. எங்க ஊர்க் கதையே திரும்பக் கூப்பிடுகிறது.

ராஜாக்கண்ணு கதை 2021 நவம்பர் 2-ஆம் தேதி 'ஜெய்பீம்' என்று படமாக வந்தது. தியேட்டருக்கு வரவில்லை, நேராக அமேசான் பிரைமில். படத்தில் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக் காட்சியில் சுவரில் ஒரு காலண்டர். அதில் அக்னி கலசம். உண்மையில் அந்த அதிகாரி அந்தச் சாதிக்காரர் இல்லை என்று எதிர்ப்பு வந்தது. சொன்ன விவரம் சரிதான், அதை நான் மறுக்கவில்லை. நான் பேசுவது அடுத்து நடந்ததைப் பற்றி. ஒரு சில நாளில் காலண்டர் மாறிப்போச்சு! கலசம் இருந்த இடத்தில் லட்சுமி. ஷூட்டிங் இல்லை, புதுப் பிரிண்ட் இல்லை. முந்தாநாள் பார்த்தவனுக்கு ஒரு படம், இன்றைக்குப் பார்க்கிறவனுக்கு ஒரு படம். பேர் ஒன்று. மாற்றின தடம் திரையில் எங்கேயும் கிடையாது.

பிலிமாக இருந்தால் நூற்றுக்கணக்கான பெட்டிகள் ஊர் ஊராகப் போயிருக்கும். வெட்டலாம், ஆனால் வெட்டின தழும்பு தெரியும். எங்கேயாவது ஒரு கொட்டகையில் வெட்டாத பெட்டி கிடக்கும். டிஜிட்டலில் பெட்டி ஒன்றுதான், அதன் சாவி ஒருத்தனிடம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ராஜாக்கண்ணு குறவர். படத்தில் அவரை இருளராக்கினார்கள். ஏன் எங்களை மறைத்தீர்கள் என்று குறவர்களும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எந்தக் காலண்டரும் மாறவில்லை. பலமுள்ளவன் கேட்டால் பிக்சல் நகரும். பலமில்லாதவன் கேட்டால் "கலைஞனின் சுதந்திரம்". பிலிமில் இருந்த சாதி டிஜிட்டலிலும் பத்திரமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு ஸ்டாலின் பக்கத்தில் நின்ற எஷோவைப் பிலிமிலேயே அழித்துக் காட்டினார்கள். அதற்கு ஆள் வேண்டும், பிரஷ் வேண்டும், நாள் வேண்டும். இன்றைக்கு எதுவும் வேண்டாம்.

முகத்தைப் பதிவதிலும் அப்படித்தான். 1960களின் கடைசியில் தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு கறுப்பர்களின் பாஸ் புத்தகத்துக்குப் போலராய்டு கேமராவில் படம் எடுத்தது. அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கறுப்புத் தொழிலாளிகள் 1970-ல் எதிர்த்து நின்றார்கள். 1977-ல் கம்பெனி அங்கிருந்து விலகியது. நம்ம ஊரில் குறவர்களைக் குற்றப்பரம்பரை என்று எழுதிவைத்த வெள்ளைக்காரன் போய்விட்டான், சட்டமும் போய்விட்டது, 'கேடி' லிஸ்ட் மட்டும் ஸ்டேஷன் சுவரில் தொங்கியது. இப்போது அந்தச் சுவர் கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது. 2021 அக்டோபரில் தமிழ்நாடு போலீசுக்கு முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிற மென்பொருள் வந்தது. இந்த மாதிரி மென்பொருள் கறுத்த முகத்தை எப்படிப் பார்க்கும்? 2018-ல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்புப் பெண்கள், பெரிய கம்பெனிகள் விற்ற, முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிற மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை 0.8 சதவீதம். கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. ஷெர்லி சாகவில்லை அய்யா, வேறு பெட்டிக்குக் குடிபோயிருக்கிறாள்.

ஆகவே எனக்குப் பிலிமும் சாமி இல்லை, டிஜிட்டலும் சாமி இல்லை. பிலிம் நம்மை எடுக்கவில்லை. டிஜிட்டலில் நாம் எடுக்கிறோம், ஆனால் வைத்துக்கொள்ளவில்லை. நம் போராட்டங்களில் எடுத்த படங்கள் எங்கே? ஒவ்வொரு இயக்கத் தோழரையும் கேட்டுப் பார்த்தேன். "போன் மாத்தினப்ப போயிடுச்சி அண்ணே", "வாட்ஸ்அப்பில இருந்துச்சி, அழிச்சிட்டன்", "பேஸ்புக்கில போட்டேன், எடுத்துட்டான்." வெண்மணியில் கேமரா இல்லாததற்கு அழுகிறோம். கேமரா இருந்த இடத்தில் படத்தைத் தொலைத்ததற்கு யார் அழுவது? 2007-ல் ஆஸ்கர் கொடுக்கிற அகாடமி ஒரு அறிக்கை போட்டது. ஒரு படத்தின் டிஜிட்டல் மூலத்தைப் பாதுகாக்க வருசத்துக்கு 12,514 டாலர், பிலிமாக வைத்தால் 1,059 டாலர் என்று கணக்குச் சொன்னது. எடுப்பது மலிவு, வைப்பது செலவு. ஹாலிவுட்டே மலைக்கிற வேலையை நாம் ஒரு செல்போனை நம்பிச் செய்துகொண்டிருக்கிறோம்.

பிலிமைப் பற்றி ஒரே ஒரு விசயத்தை மட்டும் நான் கற்றுக்கொள்ளச் சொல்வேன். நெகட்டிவ் என்று ஒன்று இருந்தது. பிரிண்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்போம், நெகட்டிவைக் கொடுக்க மாட்டோம். உறையில் போட்டு, தேதி எழுதி, ஆளின் பேர் எழுதி அடுக்குவோம். அந்தப் பழக்கம் டிஜிட்டலுக்கு வேண்டும். மேடை அழகியல் நமக்கு வேண்டாம், டார்க்ரூம் எடுபிடியின் ஒழுங்கு வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேமரா எழுதிய முதல் கோப்புதான் நம் நெகட்டிவ். அதில் கை வைக்காதீர்கள். வெட்டுவது, வெளுப்பது, எழுத்துப் போடுவது எல்லாம் நகலில் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், எப்போது எதில் எடுத்தது என்கிற உள்குறிப்பும் போய்விடும். கோர்ட்டில் எதிர்வக்கீல் அங்கேதான் கத்தியை வைப்பான். மூலத்தை நேராகக் கணினியில் இறக்கி மூன்று இடத்தில் வையுங்கள், மூன்றும் ஒரே ஊரில் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் எண் எழுத வேண்டும். ஹாஷ் என்றால் கோப்பின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். படம் எடுத்த அன்றைக்கே அந்த எண்ணை எடுத்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எடுத்தவர் யார், எந்தத் தெரு, எத்தனை மணி என்று பேனாவால் எழுதுங்கள். முக்கியமான படத்தைத் தாளில் பிரிண்ட் போட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். மொபைல் சாகும், கம்பெனி சாகும், தாள் கிடக்கும்.

இதையெல்லாம் செய்ய ஒரு நிலையம் வேண்டும். அரசாங்கம் செய்யாது, பல்கலைக்கழகம் செய்தாலும் சாவி நம்மிடம் இருக்காது. மாவட்டத்துக்கு ஒன்று, நம் ஆட்களே நடத்துகிற படக்களஞ்சியம். மாணவர்கள் கோடை லீவில் ஊருக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். டிரங்குப் பெட்டியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிற கல்யாண ஆல்பம், பழைய வாக்காளர் அட்டை, நெகட்டிவ் துண்டு எல்லாவற்றையும் நகல் எடுங்கள். படத்தில் இருக்கிறவர் பேரைக் கேட்டு எழுதுங்கள். பேர் தெரிந்த கிழவிகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகளின் போனில் ஒரு படம் காட்டினாள். அக்கா அடுப்பு கிட்ட உட்கார்ந்து பொங்கலைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். புகை, வேர்வை. முகத்துக்கு அளவு வைத்து எடுத்திருக்கிறாள், கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. "அம்மா வேணாம்னுச்சி மாமா, நான் கேக்கல, இருவது புடிச்சன்" என்றாள். நல்லது செய்தாய் என்றேன். அப்புறம் கேட்டேன்: இதை எங்கே வைக்கப்போறே? முழித்தாள். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து இருபதையும் இறக்கினோம். பின்பக்கம் பேர் எழுத ஒன்றைத் தாளில் போட்டுவரக் காலையில் அவளை விருத்தாசலத்துக்கு அனுப்பினேன்.